கட்டித் தயிர் தோய்க்க: பாலின் சூடும் உறையின் வயதும்

தயிர் சரியாகத் தோயாவிட்டால் எல்லோரும் முதலில் பாலைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் சாதாரண பாக்கெட் பாலிலேயே கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரி தயிர் வரும். சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: உறை ஊற்றும்போது பாலில் இருக்கும் சூடு, ஊற்றுகிற உறையின் வயது.

ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. தினசரி சாப்பாட்டுக்குப் பச்சை போதும். நீலப் பாலில் தயிர் கொஞ்சம் இளக்கமாக இருக்கும், மோருக்கு அது நல்லது. கெட்டியாக வேண்டுமென்றால் ஆரஞ்சு, கிடைத்தால் எருமைப்பால்.

1 லிட்டர் பாலைத் தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சுங்கள். பொங்கியதும் இறக்கிவிடாதீர்கள். தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் கிளறியபடி இன்னும் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். பாக்கெட் பால்தான் ஏற்கெனவே சூடாக்கிப் பதப்படுத்தியதாயிற்றே என்று வெதுவெதுப்பாக்கி மட்டும் உறை ஊற்றுபவர்கள் உண்டு. அப்படியும் தயிர் உறையும், ஆனால் கரண்டி பட்டதும் நீர் விடும். பாலின் மோர்ப் புரதங்கள் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சற்று நேரம் இருந்தால்தான் இளகி, கேசின் புரதத்தோடு ஒட்டும். அப்படி ஒட்டியதுதான் நீரைப் பிடித்து வைக்கும். நன்றாகக் காய்ச்சிய பாலில் தயிர் கெட்டிப்படுவதற்கு இதுதான் காரணம்.

பிறகு ஆற விடுங்கள். உறை ஊற்ற வேண்டிய சூடு 40 முதல் 43 டிகிரி. வெப்பமானி இல்லாவிட்டால் கழுவித் துடைத்த சுண்டுவிரலைப் பாலில் வைத்து நிதானமாகப் பத்து எண்ணுங்கள். மூன்று, நான்கிலேயே விரலை இழுக்கத் தோன்றினால் இன்னும் ஆற வேண்டும். பத்து வரை தாங்குகிறது, ஆனால் சூடு நன்றாகவே தெரிகிறது என்றால் அதுதான் பதம். சூடே தெரியவில்லை என்றால் ஆறிப்போய்விட்டது, லேசாகச் சுட வையுங்கள். சித்திரை வெயிலில் அறையே சூடாக இருப்பதால் 37 டிகிரியே போதும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் 45 வரை போகலாம். 50-ஐத் தாண்டிய பாலில் உறை ஊற்றினால் பாக்டீரியா அடிபட்டுவிடும். காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கும்.

1 லிட்டருக்கு வெயில் காலத்தில் 1 டீஸ்பூன் உறை, குளிரில் 2 டீஸ்பூன். சிறு கிண்ணத்தில் உறையை விட்டு, இரண்டு கரண்டி பால் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்துப் பாலில் ஊற்றுங்கள். பாத்திரம் மாற்றி இரண்டு முறை ஆற்றினால் சீராகக் கலந்துவிடும். உறையைக் கூடுதலாக விட்டால் தயிர் கெட்டியாகும் என்பது தவறு. சீக்கிரம் புளிக்கும், திரிதிரியாகும், நீர் பிரியும்.

உறைக்கு நேற்றுத் தோய்த்த, புளிக்காத தயிர்தான் சிறந்தது. சாப்பாட்டில் கரண்டி விழுவதற்கு முன்பே ஒரு ஸ்பூன் தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், நான்கு நாள் தாங்கும். புளித்த உறை புதுத் தயிரையும் புளிக்க வைக்கும். கையில் உறையே இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்பதுதான் நல்ல வழி. விளக்கு வைத்த பிறகு தயிர் கொடுக்காத வீடுகள் பல, பகலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் வாய்க்காவிட்டால் அரை டம்ளர் வெதுவெதுப்பான பாலில் காம்போடு இரண்டு பச்சைமிளகாயைப் போட்டு 10, 12 மணி நேரம் வைக்கலாம். முதலில் தோய்வது தளர்வாகத்தான் இருக்கும். அதைச் சாப்பிட வேண்டாம், அடுத்த பாலுக்கு உறையாக ஊற்றுங்கள்.

மண்சட்டி கிடைத்தால் விடாதீர்கள். அதன் நுண்துளைகள் நீரை இழுத்துக்கொள்வதால் தயிர் தானாகவே இறுகும். மட்டக்களப்பு எருமைத் தயிர் சட்டியோடு விற்கப்படுவது தெரிந்ததே. கல்சட்டி சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். எவர்சில்வரும் பரவாயில்லை. அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை இரண்டும் கூடாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

மூடி வைத்தபின் அசைக்கக் கூடாது. வெயில் காலத்தில் 5, 6 மணி நேரம், குளிரில் 8 முதல் 10. குளிர்நாளில் ஹாட்பாக்ஸில் வைக்கலாம், அல்லது வெந்நீர் ஊற்றி அடுப்பை அணைத்த இட்லிப் பானைக்குள் வைக்கலாம். பாத்திரத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தயிர் ஓரத்தை விட்டு ஒரே கட்டியாக விலகினால் தோய்ந்துவிட்டது. உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள், 2 மணி நேரத்தில் இன்னும் இறுகும். வெளியிலேயே விட்டால் புளிப்பு ஏறி மேலே நீர் நிற்கும்.

தயிர் கொழகொழவென்று நூலாக இழுத்தால் பால் அதிகம் ஆறியபின் உறை ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது உறையில் வேறு கிருமி சேர்ந்திருக்கிறது. அடுத்த முறை உறையையும் மாற்றுங்கள். தோயவே இல்லை, கெட்ட வாடையும் இல்லை என்றால் பாத்திரத்தை வெந்நீரில் இறக்கிப் பாலைச் சூடாக்கி, புது உறை விட்டு இன்னும் 4 மணி நேரம் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ பூசணம் பிடித்தோ இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

மதிய டப்பாவுக்குத் தயிர்சாதம் கட்டும்போது குழைந்த சாதத்தைச் சூட்டோடு மசித்து, 1 கப் அரிசிக்கு 2 கப் காய்ச்சிய பால் விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் 2 ஸ்பூன் தயிர் கலந்தால் போதும். மதியத்துக்குள் டப்பாவிலேயே தோய்ந்து புளிக்காமல் இருக்கும். தயிரையே நிறையக் கொட்டினால் பன்னிரண்டு மணிக்கே நெடி அடிக்கும்.

புளித்துவிட்ட தயிரை மோர்க்குழம்புக்கு வையுங்கள். 2 கப் தயிரைக் கடைந்து, ஊறவைத்த துவரம்பருப்பு 1 டேபிள்ஸ்பூன், பச்சரிசி 1 டீஸ்பூன், தேங்காய், பச்சைமிளகாய், சீரகம் அரைத்த விழுதைக் கலந்து சிறு தீயில் வையுங்கள். அரிசி மாவு இருப்பதால் தயிர் சட்டென்று திரியாது. ஓரத்தில் நுரை கூடி மேலே எழும்பும்போதே இறக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். இறக்கியதும் மூடாதீர்கள். உள்சூட்டிலும் திரியும்.