சில்கோசா மரத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில்கோசாங்கிறது விதையைச் சாப்பிடுற ஒரு பைன் மரம். செப்டம்பர் வந்தா இமாச்சலப் பிரதேசத்துல கின்னோர் பக்கம் அதோட அறுவடை ஆரம்பிச்சிடும். ஃபாரஸ்ட்ரி படிச்ச பசங்க, வாலண்டியரா வர்றவங்க, சும்மா வீடியோ எடுக்க வர்றவங்கன்னு புதுசா வர்ற எல்லாரும் நாங்க ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்தைத்தான் அடிக்கிறாங்க. சரிவுல தனியா ஏறாத, பிசின் ஒட்டின கையால கண்ணைத் தேய்க்காதன்னு முதல் நாளே யாராவது சொல்லிடுவாங்க, அதனால அதையெல்லாம் விட்டுடறேன்.

பெரிய மரத்தைப் பார்த்து ஏமாறுறது

உலக அளவுல எந்த உயிரினம் அழியுற நிலையில இருக்குன்னு கணக்கெடுக்கிற ஐயுசிஎன் அமைப்போட பட்டியல்ல இந்த மரம் 'அச்சுறுத்தலுக்கு அருகில்'ங்கிற வகையிலதான் இருக்கு. ஆனா சில பேர் போஸ்டர்ல 'அழிஞ்சே போச்சு'ன்னு போட்டுட்டு ஊருக்குள்ள போறாங்க, ஊர்க்காரங்க எதிர்ல நிக்கிற மரத்தைக் காட்டி சிரிக்கிறாங்க. சிரிக்கத்தான் செய்வாங்க. நின்னு பார்த்தா மரம் இருக்கு, குனிஞ்சு பார்த்தா கன்னு இல்ல, இதுதான் விஷயம். கிழக்கு ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான்ல சுலைமான் மலையும் கில்கித் பக்கமும், நம்ம நாட்டுல கின்னோர், சம்பா மாவட்டத்துல பாங்கி, காஷ்மீர்ல கொஞ்சம், அதுவும் சுமார் 1,800 மீட்டர்லேந்து 3,300 மீட்டர் வரைக்கும் பனி விழுற வறண்ட பாறைச் சரிவுல மட்டும்தான் இது வளருது. இன்னிக்கு நிக்கிற கிழட்டு மரங்க சாஞ்சா அந்த இடத்துக்கு வர ஆள் இல்ல.

கிளையோட ஒடிக்கிறது

இதைப் பார்த்தா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும்.

நீளக் கம்பு, நுனியில கொக்கி இல்லன்னா அரிவாள், மாட்டி ஒரே இழு, விதை இருக்கிற கூம்பு கிளையோட கீழ வரும். சீக்கிரம் முடியுது, மேல ஏற வேண்டாம். போன சீசன்ல ஒரு பையன் படிச்சவன்தான், இப்படியே இழுத்துக்கிட்டு இருந்தான், ஏம்பான்னு கேட்டா "அண்ணா, கிளைதானே, திரும்ப வந்துடும்"ங்கிறான். வராது தம்பி. வேம்பு, முருங்கையை வெட்டினா தழையும், பைன்ல இலை இல்லாத பழைய கட்டையிலேந்து பெரும்பாலும் துளிர் வராது.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு, அது கண்ணுக்கே தெரியாது. சில்கோசா கூம்பு ஒரே வருஷத்துல பழுக்காது. மே, ஜூன்ல மகரந்தம் ஏறும், பழுக்கிறது அடுத்த வருஷம் செப்டம்பர், அக்டோபர்ல. அதுக்குள்ள அந்தக் கிளை இன்னும் கொஞ்சம் நீண்டு நுனியில புதுசா குட்டிக் கூம்பு வெச்சிருக்கும், அதாவது நீங்க பறிக்கிற பழுத்த கூம்பு கொஞ்சம் பின்னாடி உக்காந்திருக்கு, அடுத்த வருஷத்து மகசூல் அதுக்கு முன்னாடி நுனியில, பட்டன் சைஸ்ல, ஊசி இலைக்குள்ள ஒளிஞ்சு நிக்குது. பழுத்ததுக்குப் பின்னாடி கொக்கி போட்டு ஒடிச்சா ரெண்டும் சேர்ந்து கீழ வரும், ஒண்ணை சாக்குல போடுவீங்க, இன்னொண்ணை மிதிச்சிட்டுப் போவீங்க. பால் கறக்க வந்தவன் மடியை அறுத்துட்டுப் போற கதை.

அந்தப் பையன் கீழ போட்ட கிளையை எடுத்து நுனியைப் பிரிச்சுக் காட்டினேன். எண்ணிப் பார்த்துட்டு அவனே கம்பைக் கீழ வெச்சுட்டான். ஒப்பந்தக்காரர் ஆளுங்க கிட்ட இதே மருந்து வேலை செய்யாது. காடு அரசாங்கத்தோடது, காய் எடுக்கிற உரிமை ஊருக்கு, பல இடத்துல ஊர் அந்த வருஷ மகசூலை மொத்தமா ஒருத்தருக்கு விட்டுடுது. அவருக்கு இந்த வருஷக் காய்தான் கணக்கு, அடுத்த வருஷம் வேற யாரோ எடுக்கப் போறாங்க. அதனால பேச வேண்டியது கம்பு பிடிக்கிறவன் கிட்ட இல்ல, ஏலத்துக்கு முன்னாடி ஊர்க் கூட்டத்துல. காம்பை மட்டும் வெட்டுற நீளக் கத்தரி வேணும், கிளை ஒடிச்சா அபராதம்னு அப்பவே பேசி எழுதிக்கணும். அறுவடை ஆரம்பிச்சப்புறம் மலையில நின்னு கத்துறது வீண்.

மிச்சமே வைக்காம வழிச்சு எடுக்கிறது

விதை கிலோ ஆயிரக்கணக்குல போகுது, ஒரு கூம்பைக் கூட விட மனசு வராது, புரியுது. ஆனா இந்த விதை கனம், இறக்கைன்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்ல, காத்துல பறந்து போகாது. நட்கிராக்கர்னு ஒரு பறவைதான் கொத்திட்டுப் போய் மண்ணுல புதைச்சு வைக்கும், மறந்துபோனது முளைக்கும். அதைத் திருட்டுப் பறவைன்னு கல்லெறிஞ்சு விரட்டுற ஆளுங்களையும் பார்த்திருக்கேன். எட்டாத உச்சியில இருக்கிறதையாவது விட்டுடுங்க. முளைச்சதை ஆடு மேயாம பார்க்கிறது தனிப் போராட்டம், கொஞ்சம் இடத்துக்காவது சில வருஷம் வேலி போடாம நடக்காது.

மரத்தடியில அடுப்பு

வேண்டாம். மரம் பூரா பிசின். 2022 மே மாசம் சுலைமான் மலையில சில்கோசா காடு எரிஞ்சப்ப ஆள் உயிரே போச்சு.

வறுத்த விதையை நடுறது

முளைக்காது.

நர்சரியில குட்டைப் பை

மேல விரல் நீளம்கூட இருக்காது, கீழ ஆணிவேர் பையோட அடியைத் தொட்டு சுருள ஆரம்பிச்சிருக்கும். அந்த வேர் பாறை இடுக்குல ஈரம் தேடிப் போகணும், சுருண்டுட்டா சரிவுல நட்ட பிறகு முதல் கோடையே தாங்காது. ஆழமான பை வேணும், கலவையில மணல் தூக்கலா இருக்கணும், தண்ணி கம்மியா. பாசத்துல தினம் தண்ணி ஊத்தி, தண்டு மண்ணைத் தொடுற இடம் அழுகிச் செத்த கன்னுதான் நான் பார்த்ததுல அதிகம். செடி ரொம்ப மெதுவா வரும், ரெண்டு மழைக்குள்ள காடு ஆயிடும்னு ஃபண்ட் குடுக்கிறவங்களுக்கு வாக்கு குடுத்துட்டு வராதீங்க.

வாங்குறவங்களுக்கு

பைன் விதைன்னு விக்கிறது எல்லாம் சில்கோசா இல்ல. இது ஒல்லியா, நீளமா, தோடு மெல்லிசா, பழுப்பா இருக்கும், கொரியன் பைன் விதை குட்டையா உருண்டையா கெட்டித் தோட்டோட இருக்கும். உரிச்சு வெச்சா எண்ணெய்ச் சத்து சீக்கிரம் சிக்கு வாசனை அடிச்சிடும், தோட்டோடவே வாங்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சு அப்பப்ப உடைச்சுச் சாப்பிடுங்க.