சிஓ2 சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா? தராசில் வையுங்கள்

கடையிலோ வாடகைக்கு விட்ட கட்டடத்திலோ சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) தீயணைப்பான் மாட்டியிருந்தால், ரீஃபில் ஆகி வந்த அன்றே கடைத் தராசில் வைத்து, வந்த எடையை மார்க்கரால் சிலிண்டர் மேலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே ஹோஸும் ஹாரனும் (கேஸ் வெளியே வரும் புனல் முனை) மாட்டியபடியே, எடை போட்டுப் பார்த்தால் போதும்.

பவுடர் வகையில் பிரஷர் மீட்டரின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்தே அழுத்தத்தைத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வைக்கும் சிஓ2 வகையில் பொதுவாக அந்த முள்ளே கிடையாது, உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் கசிந்தால் அது எடையில்தான் தெரியும். நிரப்பிய கேஸில் 10 சதவீதம் குறைந்தாலே ரீஃபில் செய்ய வேண்டும், அதாவது 4.5 கிலோ கேஸ் நிரப்பும் சிலிண்டரில் 450 கிராம். எடை அப்படியே இருந்தால், "கேஸ் போயிடுச்சு சார்" என்று யாராவது வந்து சொன்னாலும் தராசைக் காட்டலாம்.

ஒரு நொடி அடித்துப் பார்த்த சிலிண்டருக்கு இது செல்லாது, அதை நேராக ரீஃபிலுக்கு அனுப்புங்கள். 5 வருடத்துக்கு ஒருமுறை செய்யும் ஹைட்ராலிக் பிரஷர் டெஸ்டையும் (தண்ணீர் அழுத்தம் கொடுத்து சிலிண்டர் தாங்குகிறதா என்று பார்ப்பது) தவிர்க்க முடியாது, துருப்பிடித்த சிலிண்டரை எடை சரியாக இருந்தாலும் தயவுசெய்து வைத்திருக்காதீர்கள்.