நான்கு தசமத் தராசில் அரை கிராம் உப்பை எடைபோடுவது

0.1 நார்மல் (செறிவின் அளவு) சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் தரம்பார்க்க, அதாவது அதன் சரியான செறிவைக் கண்டறிய, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற உப்பை எடுக்கிறோம். அதன் மூலக்கூறு எடை 204.22. பியூரெட்டில் (அளவுக்கோடிட்ட நீள்குழாய்) அந்தக் கரைசல் 22 முதல் 25 மில்லி வரை செலவாக வேண்டுமென்றால் இந்த உப்பு 0.45 முதல் 0.51 கிராம் போதும். இந்த அளவில் 1 மில்லிகிராம் தவறினாலே முடிவில் சுமார் 0.2 சதவீதப் பிழை. அதனால்தான் 0.1 மில்லிகிராம் வரை காட்டும் அனலிட்டிக்கல் பேலன்ஸ் எனும் நான்கு தசமத் தராசு.

உப்பை எடைக்குப்பியில் போட்டு, மூடியைத் திறந்து வைத்து, 110–120 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்துங்கள். பிறகு டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) அறை வெப்பநிலைக்கு வரும்வரை ஆற விடுங்கள். அவசரப்படுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வெதுவெதுப்பான குப்பியைச் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலெழும்போது தராசுத் தட்டையும் சற்றுத் தூக்கும். எடை குறைவாகக் காட்டும். குப்பி ஆற ஆற எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். தராசு கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

தராசின் மின்சாரத்தைக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே போட்டு வையுங்கள். ரசமட்டக் குமிழ் வட்டத்தின் நடுவில் நிற்கும்படி கால் திருகுகளைத் திருப்புங்கள். உள்ளேயே அளவுத்திருத்த எடைக்கல் உள்ள தராசானால் அளவுத்திருத்தப் பொத்தானை அழுத்தினால் போதும். இல்லையென்றால் சான்றளித்த எடைக்கல்லை இடுக்கியால் வையுங்கள். தராசை இடம் மாற்றினால் இதை மறுபடியும் செய்தே ஆக வேண்டும். ஒரு மாடி உயரம், அதாவது சுமார் 4 மீட்டர், மேலே கொண்டுபோனாலே புவியீர்ப்பு குறைந்து 100 கிராமுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிகிராம் வித்தியாசம் காட்டும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஏசி காற்று தராசின் மேல் நேராகப் படக் கூடாது.

இனி எடைபோடலாம். கண்ணாடிக் கதவுகளை மூடி பூஜ்யமாக்குங்கள். எடைக்குப்பியை இடுக்கியாலோ மடித்த காகிதப் பட்டையாலோ பிடித்துத் தட்டின் நடுவில் வையுங்கள். விரல் பட்டால் வியர்வையும் எண்ணெயும் எடையில் சேரும். கதவை மூடி, நிலைத்ததற்கான குறி வந்ததும் முதல் எடையைக் குறியுங்கள். குப்பியை வெளியே எடுத்து, கூம்புக் குடுவையின் வாய்க்கு உள்ளே சாய்த்து, மெல்லத் தட்டி உப்பை விழச் செய்யுங்கள். மூடி, திரும்ப எடைபோடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே குடுவையில் விழுந்த உப்பு. குப்பியின் எடையோ தராசின் சிறு பூஜ்யப் பிழையோ கணக்கில் வராது என்பதால், காகிதத்தில் வைத்து எடைபோடுவதைவிட இது நம்பகமானது.

வழியில் ஒரு துகள் மேசையில் சிந்தினாலும் அந்தக் குடுவையைக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். அதிகம் விழுந்துவிட்டால் திரும்ப அள்ளிக் குப்பியில் போட வேண்டாம். 0.5000 கிராமே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் வீண், 0.4873 வந்தால் அதை வைத்தே கணக்கிடலாம்.

எண் முன்னும் பின்னும் தாவினால் காற்றோட்டமோ அதிர்வோ காரணம். பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்து எண் நிலைகொள்ளாமல் நகர்ந்தால் நிலைமின்னூட்டம்; கண்ணாடிக்கோ உலோகத்துக்கோ மாறுங்கள். ஆறிய பிறகும் எடை ஏறிக்கொண்டே போனால் பொருள் ஈரத்தை இழுக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளில் இதைக் கண்முன்னே பார்க்கலாம். அதை நேரடியாக எடைபோட்டு நியமக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எடையைத் துண்டுச்சீட்டில் எழுதாமல் நேரே பதிவேட்டில், நான்கு தசமத்தோடு எழுதுங்கள்: 0.482 அல்ல, 0.4820. முடித்ததும் மென்மையான தூரிகையால் தட்டைத் துடைத்து, கதவுகளை மூடிவிட்டு, மின்சாரத்தை அணைக்காமல் காத்திருப்பு நிலையிலேயே விட்டுவிடுங்கள்.