கல்வெட்டில் மாவு பூசாதீர்கள்: ஊர் வரலாற்று மன்றங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் இன்று மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு வரலாற்று மன்றங்களாவது இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர் என்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மரபு நடை போகிறார்கள், பள்ளியில் கண்காட்சி வைக்கிறார்கள், வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லை, அதாவது இறந்த வீரனுக்கு நட்ட கல்லை, ஊருக்கு அடையாளம் காட்டுகிறார்கள். அப்படி ஒரு சிறிய மன்றத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்த வேலையின் மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு உண்டு. அதனால்தான் நாங்கள் செய்த தவறுகளையும் மற்றவர்கள் செய்யப் பார்த்தவற்றையும் எழுதி வைக்கத் தோன்றியது. கூட்டம் வந்து போன பிறகு அந்தக் கல்லும் அந்த ஊரும் முன்பைவிட மோசமான நிலையில் இருக்கக் கூடாது. நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

முதலில் மாவு. கல்வெட்டு தெளிவாகத் தெரியவில்லை என்றதும் யாராவது ஒருவர் பையிலிருந்து மைதாவோ கோலமாவோ எடுப்பார். சிலர் சாக்பீஸால் எழுத்தின் மேலேயே கோடு இழுப்பார்கள். மாவு கல்லின் நுண்துளைகளில் தங்கி ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கும், எறும்பு மொய்க்கும். அதைக் கழுவ அடுத்து வருபவர் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார். இது ஒரு பக்கம். சாக்பீஸ் பிடித்தவர், தான் படித்ததாக நினைப்பதைக் கல்லின் மேல் எழுதிவிடுகிறார் என்பது அதைவிடப் பெரிய கேடு. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. ஒரு கோடு தவறாக இழுத்தால் சொல் மாறும், சொல் மாறினால் கொடை கொடுத்தவரே மாறிவிடுவார். அந்தப் புகைப்படம் வாட்ஸ்அப்பில் நூறு பேருக்குப் போன பின், கல் என்ன சொன்னது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: பக்கவாட்டு வெளிச்சம். உச்சி வெயிலில் மொட்டையாகத் தெரியும் பாறை, காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெயில் விழும்போது எழுத்து எழுத்தாக எழுந்து நிற்கும். வெயில் விழாத மண்டபச் சுவர் என்றால் இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். ஒருமுறை எங்கள் கூட்டத்தில் வேடிக்கை பார்க்க வந்த ஒரு பாட்டி, தினம் விளக்கேற்றும் தூணில் அப்படி எழுத்து தெரிந்ததும், “அய்யா, இத்தன வருசமா நான் இதும்மேலதானே எண்ணெய் தடவுனேன்” என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கு எங்கள் பேச்சாளர் பேசிய எதுவும் எனக்கு நினைவில்லை. அந்த விரல் நினைவிருக்கிறது.

மைப்படி எடுப்பதை, அதாவது கல்வெட்டு எழுத்தை மையால் தாளில் படியெடுப்பதை, பொதுமக்களுக்குக் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் பழகியவர் கையால் நடக்கட்டும். கல்லை நீர் தெளித்து மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, கொஞ்சம் உலர்ந்ததும் மையை ஒற்றி ஒற்றி எடுக்கிற வேலை அது. தாள் எங்கே கிழிந்தாலும் அந்த இடத்தில் மை கல்லில் இறங்கிவிடும். முதல்முறை பயிற்சி எடுப்பவர்கள் அம்மிக்கல்லிலோ புதிதாக வெட்டிய பலகைக்கல்லிலோ பழகட்டும்.

நடுகல் விஷயத்தில் நாங்கள் செய்த தவறு வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகல் பல ஊர்களில் வேடியப்பன் என்ற சாமி. மஞ்சள், குங்குமம், எண்ணெய், படையல் எல்லாம் உண்டு. நாங்கள் முதன்முதலாக ஒரு ஊருக்கு இருபது பேராகச் செருப்போடு போய், கல்லைச் சுற்றி நின்று, “இது சாமி இல்லீங்க, போர்ல செத்த வீரன்” என்று விளக்கம் சொன்னோம். பூசை செய்கிற பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, செத்தவன் சாமியாவுறதுதானே எங்க வழக்கம். நீங்க புதுசா என்ன சொல்றீங்க?” என்றார். அவர் சொன்னதுதான் சரி. கல்லெடுத்து மயிற்பீலி சூட்டிக் கள் படைத்து வழிபட்டதைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. வழிபாடு இருப்பதால்தான் அந்தக் கல் இத்தனை நூற்றாண்டு நின்றது. வழிபாடு அறுந்த இடங்களில் நடுகல் துணி துவைக்கும் கல்லாகவும் மதகுப் பலகையாகவும் போயிருக்கிறது.

ஆகவே ஊருக்குள் போகும் முன்பே பூசாரியையும் ஊர்ப் பெரியவர்களையும் பார்த்துப் பேசுங்கள், செருப்பைக் கழற்றுங்கள், எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டாதீர்கள். “பாதுகாப்பாக வைக்கிறோம்” என்று கல்லை இடம் பெயர்க்கவே பெயர்க்காதீர்கள். ஆநிரையை, அதாவது ஊர் மாடுகளை, கவர்ந்தவர்கள் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், சண்டை எந்த மந்தைவெளியில் நடந்தது என்பதற்கு அந்தக் கல் நிற்கும் இடம் ஒரு சான்று. அதைப் பெயர்த்தால் மிஞ்சுவது சிற்பம் மட்டும்.

ஊர்க்காரர்களிடம் கல்வெட்டின் செய்தியைக் கதையாகச் சொன்னால் அவர்கள் தங்களிடம் இருப்பதைச் சொல்லத் தொடங்குவார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் அதில் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லே சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டு நாய்க்குப் பெயர் தெரியும் என்றால் எந்தப் பிள்ளைதான் கேட்காது? எங்கள் நிகழ்ச்சிகளில் பல்லவர் வம்சாவளி சொன்ன நாட்களில் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கோவிவனைச் சொன்ன நாளில் ஒரு சிறுமி தன் வீட்டு நாயின் பெயரை நோட்டில் எழுதி வந்து காட்டினாள்.

அடுத்தது காலம் சொல்லும் அவசரம். “2000 ஆண்டுகள் பழமையான” என்ற சொற்றொடர் இல்லாமல் ஒரு செய்தி வெளியாவதில்லை. களத்தில் நின்றபடியே செய்தியாளருக்குக் காலம் சொல்லிவிடுகிறோம். ஒரு எடுத்துக்காட்டு. கல்வெட்டில் “கோப்பரகேசரி பன்மற்கு யாண்டு 5” (பரகேசரி என்ற மன்னனின் ஐந்தாம் ஆட்சியாண்டு) என்று மட்டும் இருக்கிறது, மன்னனின் இயற்பெயர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சோழர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். முதலாம் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி, முதலாம் இராசேந்திரனும் பரகேசரி. ஐந்தாம் ஆண்டு என்பது ஏறத்தாழ 912 ஆகவும் இருக்கலாம், 975 ஆகவும் இருக்கலாம், 1017 ஆகவும் இருக்கலாம். எழுத்தமைதி (எழுத்தின் வடிவம்), அதில் வரும் அதிகாரிகளின் பெயர்கள், அக்கம்பக்கத்துக் கல்வெட்டுகள் எல்லாம் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். மதுரை மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை ராபர்ட் சீவல் 1882-இல் கண்டறிந்தார். பிராமி எழுத்தில் உள்ள இப்படிப்பட்ட குகைக் கல்வெட்டுகளில் இருப்பது தமிழ்தான் என்பதை கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரை ஐராவதம் மகாதேவன் தெளிவாக்கியது 1960-களில். அறிஞர்கள் தலைமுறைக் கணக்கில் காத்திருந்த எழுத்துக்கு நாம் இரண்டு வாரம் காத்திருக்கலாம். “எழுத்தமைதியைக் கொண்டு பத்தாம் நூற்றாண்டாக இருக்கலாம், ஆய்வு நடக்கிறது” என்று சொன்னால் செய்தி சிறியதாகத்தான் வரும். பரவாயில்லை.

பள்ளிப் பிள்ளைகளைப் பழம்பொருள் கிடைக்கும் மேட்டு நிலத்துக்கு அழைத்துப் போய், “ஆளுக்கு ஐந்து பானை ஓடு பொறுக்கி வாருங்கள், யார் ஓட்டில் கீறல் இருக்கிறதோ அவருக்குப் பரிசு” என்று போட்டி வைத்த நிகழ்ச்சி ஒன்றை நேரில் பார்த்தேன். அன்று மாலை கறுப்பு சிவப்பு ஓடுகள் ஒரு சாக்கு நிறைய வந்தன. எந்த ஓடு எந்த இடத்தில் கிடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் பொருள்களுக்கு மதிப்பு வருவதே அவை எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தன என்பதால்தான். பிள்ளைகளுக்கு ஓட்டை எடுக்காமல் பார்க்கப் பழக்குங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, கிடந்த இடத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு இதுவும் விளையாட்டாகத்தான் இருக்கும்.

மண்ணுக்குள் புதைந்திருந்த பொருள் எதுவாவது கிடைத்தால் மன்றத்தின் அலமாரியில் வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். கண்காட்சிக்கு வருகிற பழைய காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். அந்தப் பச்சைப் படிவம் போகும்போது தேய்ந்த எழுத்தும் கூடவே போய்விடும்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்துக்குள் கூட்டம் நடத்த முன்அனுமதி வேண்டும். மாநிலத் தொல்லியல் துறை இடம் என்றால் அவர்களிடம், கோயில் என்றால் செயல் அலுவலரிடம், தனியார் நிலம் என்றால் நிலத்துக்காரரிடம். வாய்மொழி அனுமதி அன்று காலை வாட்ச்மேனிடம் செல்லாது.

நாள் குறிப்பதில் நாம் கேலண்டரைப் பார்த்து ஏமாறுகிறோம். உலக மரபு நாள் ஏப்ரல் 18, நம் ஊரில் பாறை காலைச் சுடும் காலம். உலக மரபு வாரம் நவம்பர் 19 முதல் 25 வரை, வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம்: மைப்படித் தாள் காயாது, குன்றில் பாசி வழுக்கும். அந்த நாட்களில் உள்ளரங்கில் படங்காட்டிப் பேசுங்கள். மலை ஏறுவதைத் தை, மாசிக்கு வையுங்கள், முகூர்த்த நாளும் அறுவடை நாளும் பார்த்து. சமணர் படுக்கை (சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கை) உள்ள குகைகளில் மேலே பாறை விளிம்பில் மலைத்தேன் கூடு இருக்கிறதா என்று முந்தைய நாளே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். இருந்தால் சத்தம், சென்ட், ஊதுபத்தி எதுவும் கூடாது, கூடு பெரிதென்றால் பயணத்தையே தள்ளிவையுங்கள். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்பதை அழைப்பிதழிலேயே போட வேண்டும். அது இல்லாததால் இரண்டாம் முறை வராமல் போனவர்கள் எங்கள் மன்றத்தில் உண்டு.

மேடை விழாவில் பொன்னாடைக்கு ஒரு மணி நேரம் போகிறது. அந்த ஒரு மணி நேரத்தை ஊரில் மூத்த நான்கு பேருக்குக் கொடுத்துப் பாருங்கள். நிலக்கொடைக் கல்வெட்டுகள் “கீழ்பாற்கெல்லை”, “தென்பாற்கெல்லை” என்று நான்கு பக்கமும் வாய்க்காலையும் ஏரியையும் பெயர் சொல்லிக் குறிக்கும். அந்தப் பெயர்களில் ஒன்றிரண்டாவது திரிந்த வடிவில் இன்னும் வயல் பெயராக வழங்கும் ஊர்கள் உண்டு. மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு அது தெரியும், புத்தகம் படித்த நமக்குத் தெரியாது. “உங்கள் ஊர் வரலாறு சொல்லுங்கள்” என்றால் யாரும் பேச மாட்டார்கள். “இந்த மடைக்கு என்ன பேருங்க?” என்று மடையருகில் நின்று கேளுங்கள். கேட்டதை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து, பேசியவர் பெயர், வயது, நாள், இடம் நான்கையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பெயர் குறிக்காத ஒலிப்பதிவுகள் எங்களிடமே ஏராளம். குரல் யாருடையது என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது இல்லை.

கடைசியாக ஒன்று, இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். காவலில்லாத இடத்தில் பெயர்ந்து கிடக்கும் சிலையின் இருப்பிடத்தை ஜி.பி.எஸ். குறியோடு பொதுவெளியில் போடாதீர்கள். சிலை திருடுகிறவர்களும் நம் பதிவுகளைப் படிக்கிறார்கள். துல்லியமான இடம் தொல்லியல் துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிந்தால் போதும், மற்றவர்களுக்கு ஊர்ப் பெயர் வரை சொல்லலாம். நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதத்துக்குள் கல்வெட்டு வாசகமும் எளிய பொருளும் அடங்கிய ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஊராட்சிக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, பூசாரி வீட்டுக்கு ஒன்று நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.