ஓசிஐ கார்டு இருந்தால் தமிழ்நாட்டு மெடிக்கல் சீட் வந்துவிடாது

எச்.எஸ்.சி. ரிசல்ட் வந்ததும் மொரிஷியஸில் ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கம் வருஷா வருஷம் இதே பேச்சுதான்: "நம்ம பூர்வீகம் தமிழ்நாடு, ஓசிஐ கார்டும் இருக்கு, சென்னையில கவர்மென்ட் சீட் வாங்கிடலாம்." ஓசிஐ என்பது இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் கார்டு. விண்ணப்பத் தேதியைத் தவறவிடுவது, போட்டோ அளவு பிசகுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையின் வருஷத்தையே விழுங்கும் தவறுகள் வேறு.

ஓசிஐயை நேட்டிவிட்டியாக (தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்ற தகுதியாக) எண்ணுவது

அரசுக் கல்லூரி எம்பிபிஎஸ் இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, 85 சதவீதம் அந்தந்த மாநிலத்துக்கு. தமிழ்நாட்டின் பங்குக்கு 6 முதல் 12 வரை அங்கேயே படித்திருக்க வேண்டும். வெளியே படித்த தமிழ்நாட்டுக்காரர் என்றால் நேட்டிவிட்டி சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் கேட்பார்கள். மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் வாங்கிய கொள்ளுத்தாத்தாவின் குடியேற்றப் பதிவு ஓசிஐக்குத்தான் செல்லும். தாசில்தார் ஆபீஸில் அதை வைத்து நேட்டிவிட்டி வாங்க முடியாது.

சரி, அந்த 15 சதவீதமாவது? 2021 மார்ச் 4-ஆம் தேதி வந்த உள்துறை அமைச்சக அறிவிக்கை ஓசிஐகாரரை என்ஆர்ஐக்குச் சமமாக வைத்துவிட்டது. என்ஆர்ஐ இடங்களுக்கும் சூப்பர்நியூமரரி (வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாகத் தரும்) இடங்களுக்கும் போட்டியிடலாம். இந்தியக் குடிமக்களுக்கென்றே உள்ள இடங்களுக்கு முடியாது. அந்தத் தேதிக்கு முன்பே கார்டு வாங்கியவர்களின் பழைய உரிமையை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்தது. ஆகவே முதல் வேலை, கார்டு எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்று பார்ப்பது. மொரிஷியஸில் ஏழாம் தலைமுறைவரை ஓசிஐ என்ற அறிவிப்பு வந்ததே 2024 மார்ச்சில்தான். அதன்படி வாங்கிய எந்தக் கார்டுக்கும் பழைய உரிமை கிடையாது.

இது தெரியாமல், கார்டு கைக்கு வரட்டும் என்று டீம்ட் (நிகர்நிலைப் பல்கலைக்கழக) கல்லூரிக் கவுன்சிலிங் சுற்றுகளைக் கைவிட்ட குடும்பங்கள் உண்டு. கார்டு வந்தது, சீட் வரவில்லை. நல்ல மார்க் எடுத்த பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தது. இதைப் பார்க்க இன்றும் பொறுக்கவில்லை.

பதினோராம் வகுப்புக்குக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்ப்பது

6 முதல் 12 வரை கேட்கிறார்கள்; இந்த இரண்டு வருஷம் மட்டும் கணக்கில் வராது.

பிசிக்ஸை விட்டுவிடுவது

கெமிஸ்ட்ரி, பயாலஜியோடு மேத்ஸ் எடுத்துக்கொண்டு பிசிக்ஸைக் கைகழுவும் பிள்ளைகள் இங்கே நிறைய. இந்தியாவில் எம்பிபிஎஸுக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் வேண்டும். நீட் தேர்விலும் இவைதான். வெளிநாட்டவருக்கு நீட் வேண்டாம் என்று ஏஜென்ட் சொன்னால் அந்த ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள்.

டீம்ட் கல்லூரிக்கும் நேட்டிவிட்டி தேடி அலைவது

வேண்டாம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற டீம்ட் பல்கலைக்கழகங்களுக்கு எம்சிசி (மத்திய மருத்துவக் கவுன்சிலிங் குழு) நடத்தும் கவுன்சிலிங்தான்; எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. என்ஆர்ஐ இடத்துக்கான கட்டணம் மிக அதிகம் என்பதால், பதிவு செய்யும் முன்பே முழுப் படிப்புக்கும் கூட்டிப் பாருங்கள்.

2025 தீர்ப்பை நம்பி உட்கார்ந்திருப்பது

இருப்பிட ஒதுக்கீடு செல்லாது என்று ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது முதுநிலை மருத்துவப் படிப்புக்கு. எம்பிபிஎஸில் அந்த 85 சதவீதம் அப்படியே இருக்கிறது.