ஸ்டாக் எஞ்சின் (உள்பாகம் எதையும் மாற்றாத கம்பெனி எஞ்சின்) எவ்வளவு பவர் தாங்கும்? போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்து ஒரு கணக்கு

குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்னால் டார்க்கைக் (எஞ்சினின் முறுக்கு விசையை) கேளுங்கள். 1.2 டிஎஸ்ஐ போலோ கம்பெனியிலிருந்து வந்தபோது 105 பிஎஸ் குதிரைத்திறன், 175 என்எம் டார்க். அதிலிருக்கும் 7 ஸ்பீடு உலர் கிளட்ச் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸுக்குத் தயாரிப்பாளரே சொல்லும் உச்சம் 250 என்எம், அதனால் ஈசியூ ரீமேப் (எஞ்சினின் கணினியில் இருக்கும் மேப்பை, அதாவது செட்டிங்கை, மாற்றி பவரைக் கூட்டுவது) செய்பவரிடம் 220, 230 என்எம்முக்கு மேல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி.

ரீமேப்புக்கு முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்ற சோதனை) கட்டாயம். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைவாகக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். ஸ்பார்க் பிளக்கும் புதிதாக இருக்கட்டும்.

1,500, 2,000 ஆர்பிஎம்மிலேயே முழு டர்போ பூஸ்ட் (எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றழுத்தம்) கொடுக்கும் மேப் ஓட்ட ஜாலியாகத்தான் இருக்கும், ஆனால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை வளைப்பதும் பிஸ்டனை உடைப்பதும் பெரும்பாலும் அந்தக் கீழ் ஆர்பிஎம் அழுத்தம்தான். அதே பவரை மேல் ஆர்பிஎம்மில் எடுத்தால் எஞ்சினுக்கு வலி குறைவு.

அப்புறம் லாக் (ஓடும்போது எஞ்சின் சென்சார்கள் காட்டும் அளவுகளின் பதிவு) எடுங்கள். டைனோவில் (காரை நிறுத்தி வைத்துச் சக்கரத்தில் வரும் பவரை அளக்கும் ரோலர் மெஷின்), மேனுவல் மோடில், மூன்றாம் கியரில் முழு த்ராட்டில். ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக்கிங்கால் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பதால்) இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) எத்தனை டிகிரி பின்வாங்குகிறது, உள்ளே போகும் காற்றின் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். சித்திரை வெயிலில் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள், மார்கழிக் காலையில் எடுத்த லாக்கை நம்பவே நம்பாதீர்கள். 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு (ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் அளவு) மேப் போட்டுவிட்டு சாதா பெட்ரோல் ஊற்றாதீர்கள்.