சுரங்க வேலைக்கு ஆள் தேட இணையத்தளம் தெரிவு செய்வோர் விடும் தவறுகள்

வேலைவாய்ப்பு இணையத்தளம் ஒன்றில் 'சுரங்கமும் கனியங்களும்' என்றொரு பிரிவு இருப்பதைக் கண்டவுடன், அது நமக்கென்றே அமைந்த தளம் என்று நம்பிக் கட்டணத்தைச் செலுத்திவிடுவது முதல் தவறு. அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொழில்கள் பல அடங்கியுள்ளன. புல்மோட்டைக் கடற்கரையில் கிடைக்கும் கனிய மணலில் இருந்து காந்தத்தால் ஈர்க்கப்படும் இல்மனைட்டை முதலில் பிரித்தெடுத்து, மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைலையும் கடத்தாத சிர்கோனையும் உயர் மின்னழுத்த இயந்திரத்தால் வேறாக்குகிறார்கள். அந்த இயந்திரங்களை இயக்குபவர் தம்மைச் 'சுரங்கத் தொழிலாளி' என்று எண்ணுவதே இல்லை. வேலை தேடும்போது தொழிற்சாலை ஒப்பரேட்டர் என்ற பிரிவையே அவர் திறந்து பார்ப்பார். கந்தளாய்ப் பக்கத்துக் கல்குவாரியில் துளையிடுபவரும், போகலைச் சுரங்கத்தில் நிலத்துக்கடியில் காரீயம் (கிரபைட்) வெட்டுபவரும் அவரோடு ஒரே பட்டியலில் வருவதால் எவருக்கும் பயனில்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னர், வேலை தேடுபவரின் இடத்தில் இருந்துகொண்டு 'கிரஷர் ஒப்பரேட்டர்', 'எக்ஸ்கவேட்டர்', 'டிப்பர் சாரதி' என்று அத்தளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். கடந்த ஒரு மாதத்துக்குள் இடப்பட்ட விளம்பரம் ஒன்றேனும் வரவில்லையென்றால், அந்தப் பிரிவு பெயருக்கு மட்டுமே உள்ளது.

பார்வையாளர் எண்ணிக்கையைக் கண்டு மயங்குவது அடுத்த தவறு. சில ஆண்டுகளுக்கு முன்னர், திருகோணமலையில் கல் உடைக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவருக்காக நான் ஆள் திரட்டியபோது, கொழும்பில் பெயர்பெற்ற தளமொன்றில் ஆங்கிலத்தில் விளம்பரம் இட்டேன். விண்ணப்பங்கள் குவிந்தன. ஆனால் பெரும்பாலானவை அலுவலக வேலை தேடும் பட்டதாரிகளிடமிருந்து வந்தவை. கிரஷர் பக்கம் நின்ற அனுபவம் உள்ளவர் ஒருவர்கூட அவற்றுள் இல்லை. பிழை தளத்தினுடையதன்று, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புவிவளப் பொறியியல் படித்த ஒருவரையோ கணக்காளரையோ தேடியிருந்தால் அதே தளம் நன்றாகவே உதவியிருக்கும். பொறியியலாளரும் ஒப்பரேட்டரும் ஒரே இடத்தில் வேலை தேடுவதில்லை என்பதை அறியாமல், இருவகைப் பதவிகளுக்கும் ஒரே தளத்தில் பணம் செலவழித்தவன் நான்தான்.

தளம் விண்ணப்பத்தை எவ்வாறு ஏற்கிறது என்பதைப் பார்க்காமல் விடுவதையே நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். குச்சவெளியில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்த எக்ஸ்கவேட்டர் ஒப்பரேட்டர் ஒருவர், தமது சேவைச் சான்றிதழ்கள் மூன்றையும் லெமினேட் செய்து பிளாஸ்டிக் உறையொன்றில் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார். பதினாறு வருட அனுபவம். சுயவிபரக்கோவை என்று ஒன்றை அவர் எழுதியதே இல்லை. மின்னஞ்சல் முகவரியும் பிடிஎப் கோப்பும் இன்றி உள்ளே விடாத தளம், இத்தகையவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. தொலைபேசி இலக்கம் மட்டும் கொடுத்து, சான்றிதழைக் கைப்பேசியில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப இடமளிக்கும் தளத்தில், விண்ணப்பங்களின் தொகை குறைந்தாலும் தகுதியானவர்கள் வருகிறார்கள். விளம்பரம் தமிழிலும் சிங்களத்திலும் ஒழுங்காகத் தெரிகிறதா, எழுத்துகள் கைப்பேசித் திரையில் சிதைகின்றனவா என்பதையும் மாதிரி விளம்பரம் ஒன்றை இட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மாவட்ட வடிகட்டியும் நம் பக்கத்தில் வினோதமான வேலை செய்யும். புல்மோட்டை திருகோணமலை மாவட்டத்தில் இருக்கிறது; அதற்கு வடக்கே அண்டியுள்ள கொக்கிளாய் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டம் ஒன்றை மாத்திரம் தெரிவு செய்ய விடும் தளத்தில், பல மைல்களுக்கு அப்பால் மூதூரில் இருப்பவருக்கு விளம்பரம் போய்ச் சேரும். கொக்கிளாயில் இருப்பவருக்குச் சேராது. இரண்டு மூன்று மாவட்டங்களைச் சேர்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதிப்பத்திரங்களை முதலிலேயே கேட்கும் வசதி இல்லாத தளத்தால், சலித்தெடுக்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும். பெரிய டிப்பருக்கு C வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் உண்டா, இயந்திர இயக்கத்தில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எந்த மட்டத்தில் உள்ளது ஆகிய கேள்விகளை விண்ணப்பப் படிவத்திலேயே சேர்க்க முடிய வேண்டும். வெடி வைக்கும் பணிக்கு இது இன்னும் முக்கியம். வெடிமருந்து 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்தப்படுவதால், 'அனுபவம் உண்டு' என்ற ஒற்றை வரியை நம்பி ஆளை எடுக்க இயலாது.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஓரிரு வெற்றிடங்களுக்கு ஆண்டுச் சந்தா வாங்காதீர்கள்.

எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 1957 இல் அரச கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைந்ததிலிருந்து, 'மணல் கொம்பனி வேலை' என்றாலே அரச வேலை என்றுதான் ஊரார் நினைப்பார்கள். தனியார் ஒப்பந்தக்காரரின் விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயரை மறைத்து 'முன்னணி நிறுவனம்' என்று மட்டும் காட்டும் தளத்தைத் தெரிவு செய்தால், வரும் அழைப்புகளில் பாதி "அரசாங்க வேலையோ?" என்பதாகவே இருக்கும். பெயரையும், வேலைத்தளம் அமைந்துள்ள ஊரையும், ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் பங்காகச் சம்பளத்தில் 12 சதவீதம் செலுத்தப்படுமா என்பதையும் வெளிப்படையாக எழுத அனுமதிக்கும் தளமே ஏற்றது.

விண்ணப்பிப்பவரிடம் 'பதிவுக் கட்டணம்' வாங்கும் தளத்தின் பக்கமே போகாதீர்கள். அங்கே விளம்பரமிட்டால், பணத்தை இழந்தவர் உங்கள் நிறுவனத்தின் வாசலில்தான் வந்து நிற்பார். வெளிநாட்டுச் சுரங்கங்களுக்கு ஆட்களை அழைக்கும் விளம்பரங்கள் உள்ளூர் வேலைகளோடு கலந்து வரும் தளமாயின், அவற்றை இட்டவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றவர்களா என்று அத்தளம் சோதிக்கிறதா எனக் கேளுங்கள். தேசிய அடையாள அட்டையின் படத்தை எவரும் பார்க்கும்படி வைத்திருக்கும் தளமும் வேண்டாம்.

கடைசியாக, வெற்றிடம் நிரம்பிய பின்னர் விளம்பரத்தை நீங்களே நீக்க முடியுமா, அதைப் பிரதி செய்து வேறு தளங்களில் இடுவார்களா என்பதை விசாரிக்க மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன், ஆளெடுத்து நான்கு மாதங்கள் கழிந்த பின்னரும், அதிகாலை ஐந்தரை மணிக்கு அந்தக் கிரஷர் வேலையைக் கேட்டு எனக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தது.